கோழி அடைப்புக்கு நரி வெட்டிய வாய்க்கால்

ஒரு காட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. காட்டில் மழை பெய்வது குற்றமில்லை. பெய்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருவனும் யோசிக்காமல் குடியிருப்பு கட்டினார்களே, அதுதான் குற்றம். அந்தக் காட்டின் ஓரத்தில் கோழிகள் ஓர் அடைப்பு கட்டியிருந்தன. அதைக் கட்டியவனைத் தேடிப் பிடித்து அதே சேற்றில் ஒரு மழைக்காலம் முழுக்க நிற்க வைத்தாலும் என் கோபம் தீராது.

நாலு பக்கமும் கம்பி வலை. ஒரு மூலையில் ஓலைக் கூரை போட்ட கூடு. மற்றதெல்லாம் திறந்த முற்றம். இடம் மேட்டுக்கு நேர் கீழே. மேட்டில் விழுந்த மழையெல்லாம் உருண்டு வந்து நேராக முற்றத்துக்குள் நுழையும், நுழைந்தது வெளியே போகாது. இடத்தைப் பார்த்து முடித்தவர் சேவல் கொண்டையப்பன். அடைப்புக்கு அவர்தான் தலைவர். இடம் சும்மா கிடைத்தது என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை. சும்மா கிடைத்த இடத்தில் தண்ணீரும் சும்மாவே கிடைத்தது.

அந்த அடைப்பில் மாடத்தி என்று ஒரு கோழி இருந்தாள். கருப்பு நிறம். கழுத்தில் இறகு கம்மி, வாயில் பேச்சு ஜாஸ்தி. போன ஐப்பசியில் அவள் பொரித்த குஞ்சுகளில் ஒன்றுகூட கார்த்திகை விளக்கைப் பார்க்கவில்லை. முதலில் கால் நனைந்தது. பிறகு வயிறு நனைந்தது. பிறகு ரத்தமாகக் கழிந்தது. பிறகு ஒவ்வொன்றாக அவள் இறக்கைக்கு அடியிலேயே சில்லிட்டுப் போயின. கோழிகள் வந்து துக்கம் விசாரித்துவிட்டு, எல்லாம் விதி என்று சொல்லிவிட்டுப் போயின. மாடத்திக்கு விதியைத் தெரியாது. சேற்றைத் தெரியும்.

இந்த ஐப்பசியிலும் அவள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். முட்டைக்குள்ளே குஞ்சு அசைவது அவள் வயிற்றுக்குத் தெரிந்தது. அது ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே கால் வைக்கிறபோது தரை காய்ந்திருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அரண்மனையா கேட்டாள்?

முதலில் கொண்டையப்பனிடம் போய்ச் சொன்னாள். அவர் உடனே கூட்டம் போட்டார். ஈரத்துக்கெல்லாம் காரணம் மேகம் என்று விளக்கினார். மேகத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஒருவர்கூட எதிர்க்காமல் அது நிறைவேறியது. நிறைவேற்றிவிட்டுக் கூட்டுக்குள்ளே இருக்கிற கம்புகளில் ஆக உயரத்தில் உள்ள கம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மேல் கம்பில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஈரம் என்பது யாரோ சொல்லிக் கேள்விப்படுகிற சங்கதி.

சரி, நம் கையே நமக்கு உதவி என்று மாடத்தி மற்றக் கோழிகளைத் திரட்டினாள். முற்றத்தில் வைக்கோல் பரப்பினார்கள். அன்றைக்கு ஒரு நாள் மெத்தை மாதிரி இருந்தது. மறுநாள் வைக்கோல் தண்ணீரைக் குடித்துத் தரையோடு அப்பிக்கொண்டது. அப்புறம் அதில் காளான் முளைத்தது. அப்புறம் நாறியது. வைக்கோலில் ஒட்டியிருந்த நெல்லைப் பொறுக்குவதற்காகக் கோழிகள் அதைப் புரட்டிப் போட, அந்த நாற்றம் கூடு வரைக்கும் வந்து சேர்ந்தது.

மாடத்தி விடவில்லை. தண்ணீர் உள்ளே வந்தபிறகு துடைப்பதில் பிரயோஜனமில்லை, வருகிற வழியிலேயே திருப்பிவிட வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரை அடைப்பைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போக விடலாம் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். காலையில் வேலை தொடங்கியது. கோழிக் கால்கள் மண்ணைப் பறிப்பதற்கென்றே பிறந்தவை, மத்தியானத்துக்குள் வாய்க்கால் ஓர் உருவத்துக்கு வந்துவிட்டது. மாடத்தி முட்டைகளுக்குத் திரும்பினாள்.

வெட்டிய மண்ணைக் கரையாகப் போட்டிருந்தார்கள் அல்லவா? ஈர மண். அதில் புழு நெளிந்தது. ஒரு கோழி பார்த்தது. அப்புறம் எல்லாக் கோழிகளும் பார்த்தன. கரையில் வரிசையாக ஏறி நின்று கிளற ஆரம்பித்தன. கோழி கிளறினால் மண் பின்பக்கம் பறக்கும். பின்பக்கம் இருந்தது வாய்க்கால். சாயங்காலம் மாடத்தி எட்டிப் பார்த்தபோது வாய்க்கால் இருந்த இடம் தரையோடு தரையாகக் கிடந்தது. கோழிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு, இந்த வாய்க்கால் திட்டம் அருமையான திட்டம், நாளைக்கும் வெட்டுவோம் என்று சொல்லிக்கொண்டு போயின.

அவற்றை ஏசி என்ன பண்ண? மாடத்தி ஏசத்தான் செய்தாள். ஏசி முடித்துவிட்டு, தோழி செல்லக்கனியை முட்டைமேல் உட்கார வைத்துவிட்டு, ஆபீசுக்குப் போனாள்.

அந்தக் காட்டில் ஈரக் குறைதீர் அலுவலகம் என்று ஒன்று ஓர் ஆலமரத்தடியில் நடந்துவந்தது. வரிசை மழையில் நின்றது. கூரை அலுவலர்களுக்கு மட்டும். முன்னால் ஒரு முயல், அதற்கு முன்னால் ஒரு உடும்பு, அதற்கும் முன்னால் ஓர் ஆமை. ஆமை கவுண்டருக்கு நகர்ந்து போய்ச் சேருவதற்குள் கவுண்டரில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கவுண்டரில் இருந்தது ஒரு நண்டு. கேட்டது ஒரு பக்கம், நண்டு நகர்ந்தது இன்னொரு பக்கம். கடைசியில் மாடத்தியின் முறை வந்தபோது நண்டு ஒரு கருவியை நீட்டியது. ஈரத்தை அளக்கிற கருவியாம். அளந்து கொண்டுவந்தால்தான் புகார் எடுப்பார்களாம். மாடத்தி திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் சிவப்பு எழுத்தில், ஈரமான இடத்தில் வைக்கக் கூடாது, பழுதாகிவிடும் என்று போட்டிருந்தது.

அப்படியென்றால் இதை வைத்து எதை அளக்கிறது என்று கேட்டாள். காய்ந்த இடங்களை அளக்கலாம் என்றது நண்டு. இதுவரைக்கும் காடு முழுக்க அளந்ததில் ஓர் இடத்தில்கூட ஈரம் இல்லை என்றும் சொன்னது. அதில் அதற்குப் பெருமை வேறு.

மாடத்தி அங்கேயே நின்று கத்தினாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, முயலின் காது மடங்குகிற மாதிரி கத்தினாள். சத்தம் பொறுக்காமல் நண்டு ஒரு வழி சொன்னது. பெரிய அதிகாரியே நேரில் வந்து பார்ப்பார், வீட்டுக்குப் போ என்றது.

பெரிய அதிகாரி ஓர் எருமை. பெயர் கரியமாணிக்கம். நல்ல மழையில்தான் வந்தார். மழை அவருக்குப் பிடிக்கும் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. அடைப்புக்குள்ளே நுழைந்தார், முற்றத்தின் நட்டநடுவில் தேங்கியிருந்த குட்டையைப் பார்த்தார், அதில் மெதுவாகச் சாய்ந்து படுத்தார். கண்ணை மூடினார். கோழிகள் சுற்றி நின்று பார்த்தன.

வெகுநேரம் கழித்து, "ஈரம்னு புகார் கொடுத்தது யாரு? எங்க இருக்கு ஈரம்?" என்றார்.

"ஐயா, நீங்க படுத்திருக்கதுதான்" என்றாள் மாடத்தி.

"இதுவா? இது தரைம்மா. ஈரம்னா இது வரைக்கும் வரணும்." கொம்பை ஆட்டித் தன் கழுத்தைக் காட்டினார். "கழுத்துக்குக் கீழ இருக்கதெல்லாம் உலர் பகுதி."

"உங்களுக்குக் கழுத்து அங்க இருக்கு. என் பிள்ளைகளுக்குக் கழுத்து உங்க குளம்பு உயரம்கூட வராது."

"ஆளாளுக்கு ஒரு கழுத்து வச்சு அளக்க முடியுமாம்மா? ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே கழுத்துதான்."

அது யாருடைய கழுத்து என்று மாடத்தி கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை. பரிசோதனை சாயங்காலம் வரைக்கும் நடந்தது. எழுந்து போகும்போது கரியமாணிக்கம் கூட வந்திருந்த நண்டைக் கூப்பிட்டு ஒரு தகரப் பலகையை வாசலில் அறையச் சொன்னார். மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது: உலர் பகுதி. பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கொண்டையப்பன் மேல் கம்பிலிருந்து இறங்கி வந்து, அதன் பக்கத்தில் நின்று கூவினார். தீர்மானம் போட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டதாம்.

மறுநாள் வலைக்கு வெளியே நின்று அந்தப் பலகையைப் படித்துவிட்டு ஒருத்தன் சிரித்தான். நரி நல்லதம்பி.

இங்கே காட்டுச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று அந்தக் காட்டில் சிறுத்தை ஒரு சட்டம் போட்டிருந்தது. சட்டத்தை மீறியவனைச் சிறுத்தை தின்றுவிடும். அதற்கு ஒப்பந்தம் தேவையில்லை. அதனால் அந்தக் காட்டில் நரிகளெல்லாம் திருட்டை விட்டுவிட்டுக் காண்டிராக்ட் எடுக்க ஆரம்பித்திருந்தன. வளை தோண்டுவது, கரை கட்டுவது, வேலி போடுவது என்று ஏதாவது ஒரு வேலையைச் செய்து கொடுத்துவிட்டுக் கூலியாகச் சாப்பிடும். நல்லதம்பி தோண்டுவதில் கெட்டிக்காரன்.

"என்ன மாடத்தி, உலர் பகுதியில முங்கிக் குளிக்கியளோ?" என்றான்.

மாடத்தி மனசுக்குள் ஒன்றைக் குறித்துக்கொண்டாள். தலைவர் மேகம் என்றார். அதிகாரி தரை என்றார். சொந்தக்காரக் கோழிகள் விதி என்றன. இந்த இடம் ஈரம் என்று முதன்முதலாக ஒப்புக்கொண்டவன் இவன்தான்.

உங்களுக்கு என்ன அக்கறை அண்ணாச்சி என்று கேட்டாள். அவன் மறைக்கவில்லை. போன வருஷம் இதே அடைப்பிலிருந்து ஒரு கோழி கூலியாகக் கிடைத்ததாம். ஈரத்தில் நின்று நின்று நோய் பிடித்த கோழி. தின்றுவிட்டுத் தை மாதம் வரைக்கும் புதரை விட்டு எழுந்திருக்க முடியவில்லையாம். இந்த அடைப்பு இப்படியே நாறினால் இந்தக் காட்டில் வாயில் வைக்கிற மாதிரி ஒரு கோழி மிஞ்சாது, நஷ்டம் யாருக்கு என்று கேட்டான். அப்படிக் கேட்டபோது அவன் குரலில் இருந்த வருத்தம் உண்மையான வருத்தம். கோழிகளின் உடம்பைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட ஒரு ஜீவனை மாடத்தி அதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் வேலையைச் சொன்னான். மேட்டுப் பக்கம் ஆழமாக ஒரு வாய்க்கால், வளைத்து ஓடைக்கு. கரையின்மேல் தட்டைக் கற்களைப் பாவிவிட்டால் கோழி எந்தக் காலைக் கொண்டு கிளறும்? உள்ளே சேற்றை வழித்து எறிந்துவிட்டுச் சரளை, அதற்குமேல் ஆற்று மணல். நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக. கூடு இருக்கிற பக்கம் கூரையை இறக்கி, முற்றத்தில் பாதிக்குக் கீற்றுப் போட வேண்டும். அந்தக் கூரைக்குக் கீழே கணுக்கால் புதைகிற அளவுக்கு உமி. வைக்கோல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உமி வைத்துக்கொள்ளாது. கோழி கிளறக் கிளற உமி காயும். கிளறுகிற புத்தியை மாற்ற முடியாது, அதனால் கிளறினால் நல்லது நடக்கிற மாதிரி தரையைப் போடணும் என்றான்.

மாடத்திக்கு உள்ளுக்குள் ஆடிப்போயிற்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பேரம் தெரிந்தவள் மூஞ்சியில் ஆசையை ஒட்டிக்கொண்டு நிற்க மாட்டாள். உங்க நகம் தேஞ்சு போயிருக்கே அண்ணாச்சி, முன்ன மாதிரி தோண்ட வருமா என்று கேட்டாள்.

நல்லதம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்து, கம்பி வலையின் ஓட்டை வழியாக நுழைத்து, அதற்கு அடியில் கையை வைத்தான். மாட்டுத் தரகர்கள் சந்தையில் அப்படித்தான் பேசுவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்லுவார்கள், சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. காலைக் கொடு, பேசி முடிப்போம் என்றான்.

"மாட்டுக்கு விலை பேசும்போது மாடு துண்டுக்குள்ள காலை விடுமா அண்ணாச்சி?" என்றாள் மாடத்தி. "வெளிச்சத்துல பேசுங்க."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பொரிக்கப்போகிற குஞ்சுகள் வளர்ந்ததும் எல்லாம் தனக்கு என்று ஆரம்பித்தான். மாடத்தி திரும்பி நடந்தாள். பாதி என்றான். அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஒன்றே ஒன்று என்றான். அவள் நின்றாள். ஆனால் திரும்பவில்லை. குஞ்சு என்ற பேச்சை எடுத்தால் இந்த வாய்க்காலே வேண்டாம், வேண்டுமானால் தலைவர் கொண்டையப்பனைத் தருகிறேன் என்றாள். நல்ல உயரம், நல்ல நிறம்.

"அது வெறும் தொண்டை. அதுல கறி எங்க இருக்கு?" என்றான் நல்லதம்பி. பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீ வா. உன் பிள்ளைகளுக்குச் சிறகு முளைச்சு, தானா மேயுத காலம் வரைக்கும் பொறுத்துக்கிடுதேன். அப்புறம் நீ."

மழை அடித்துக்கொண்டிருந்தது. மாடத்தி கூட்டுக்குள்ளே பார்த்தாள். செல்லக்கனி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே, கூட்டின் வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்து நக்கிக்கொண்டிருந்தது.

"சரி" என்றாள். "கூலி நான்னா, உமி, மணல், சரளை, கீத்து எல்லாம் உங்க பொறுப்பு. கூலிக்கு ஒரு தடவை, சாமானுக்கு ஒரு தடவைன்னு என்னை ரெண்டு தடவை திங்க முடியாது."

நல்லதம்பிக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம் நியாயம்தானே. ஒத்துக்கொண்டான்.

"வேலை முடிஞ்சுதுன்னு யாரு சொல்லுதது?" என்று அடுத்ததைக் கேட்டாள்.

"நீயே சொல்லேன்."

"என் உசிரு போற காரியத்துல நான் எப்படி நேர்மையா இருப்பேன் அண்ணாச்சி?"

"அப்ப நான் சொல்லுதேன்."

"நீங்க இப்பவே சொல்லிருவிய."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். மூன்றாவது ஆள் ஒருத்தர் சொல்லட்டும் என்றாள் மாடத்தி. எருமை ஐயா வரட்டும். ஈரமாகக் கிடந்த இடம் இது, நல்லதம்பி செய்த வேலையால் காய்ந்தது என்று அவர் வாயால் சொல்லட்டும். சொன்ன அன்றைக்கு நானே நடந்து வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றாள்.

நல்லதம்பி யோசித்தான். கரியமாணிக்கத்தை அவனுக்குத் தெரியும். ஒரு மூட்டை பருத்திக்கொட்டையைக் கண்டால் கடலைக்கூட மைதானம் என்று சொல்லக்கூடியவர். இதில் என்ன சிக்கல் வந்துவிடப்போகிறது? காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தான். மாடத்தி குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு பேருக்கும் மேலே அந்தத் தகரப் பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நல்லதம்பி அதை மறுபடி ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டு மம்பட்டியை எடுத்தான்.

வேலை என்றால் அது வேலை. நரி அளவுக்கு ஆசைப்பட்டு உழைக்கிறவன் கிடைக்க மாட்டான். மேட்டை நறுக்கி வாய்க்காலைக் கொண்டுபோனான். கற்களைப் புரட்டிக் கரையில் பாவினான். ஆற்றிலிருந்து மணலை முதுகில் சுமந்தான். பெருச்சாளி வைத்திருந்த ரைஸ்மில்லில் சண்டை போட்டு உமி மூட்டைகளை வாங்கி வந்தான். ஒவ்வொரு மூட்டையைப் பிரிக்கும்போதும் மாடத்தி வந்து காலால் அளைந்து பார்ப்பாள். இதில் ஈரம் இருக்கிறது, திருப்பிக் கொண்டுபோங்க என்பாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கொண்டுபோவான்.

முற்றம் காய ஆரம்பித்தது. காய்ந்ததும் ஒரு பிரச்சினை கிளம்பியது. காய்ந்த தரையில் புழு இல்லை. சேறு சேறு என்று அழுத அதே கோழிகள், புழு எங்கே என்று கேட்டுக் கூடிவிட்டன. கொண்டையப்பன் ஒரு கல்மேல் ஏறி நின்று, ஈரம் நம் முன்னோர் தந்த உரிமை, அதைப் பறிக்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது என்று பேசினார். வாய்க்காலை மூடும்வரை ஓயமாட்டோம் என்று எல்லாரும் கரையை நோக்கி நடந்தார்கள். மாடத்தி குறுக்கே போய் நிற்கவில்லை. நின்று பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும். நல்லதம்பியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவன் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு, கரைமேல் உட்கார்ந்து, வாயை அகலமாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டான். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது.

போராட்டம் வாபஸ் ஆனது. வறண்ட தரையைக் கண்டுபிடித்தவரே தாம்தான் என்று கொண்டையப்பன் அன்று மாலை மேல் கம்பிலிருந்து அறிவித்தார்.

குஞ்சுகள் பொரித்த அன்றைக்கு அந்த வருஷத்தின் பெரிய மழை கொட்டியது. மேட்டிலிருந்து தண்ணீர் செம்மண் நிறத்தில் கூச்சலோடு இறங்கியது. அடைப்புக்கு முன்னால் வந்ததும் வாய்க்காலில் விழுந்தது, வளைந்தது, ஓடைக்குப் போனது. கூரையில் விழுந்த தண்ணீர் வெளிப்பக்கமே வடிந்தது. உள்ளே முதல் குஞ்சு ஓட்டைத் தள்ளிவிட்டு வெளியே காலை வைத்தது. உமி. அந்தக் கால் காய்ந்த கால். மாடத்தி தலையைத் தாழ்த்தி அந்தக் காலை அலகால் தொட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். அடைப்புக்கு வெளியே கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு நல்லதம்பியும் எட்டிப் பார்த்தான். அவன் முகத்திலும் சந்தோஷம்தான். எதற்கான சந்தோஷம் என்பது வேறு விஷயம்.

கார்த்திகை விளக்கை எல்லாக் குஞ்சுகளும் பார்த்தன. மார்கழியில் அவற்றுக்குச் சிறகு முளைத்தது. தாயை விட்டுத் தள்ளிப் போய் மேயத் தொடங்கின. மாடத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டு வலைக்கு வெளியே நல்லதம்பி உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் அவன் எழுந்து போய், பருத்திக்கொட்டை மூட்டையோடு கரியமாணிக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தான். மாடத்தி நினைத்தது சரியாக இருந்தால் தப்பிப்பாள். பிசகினால் அன்றைக்கே முடிந்தது. வாசலில் போய் நின்றாள். குஞ்சுகளைச் செல்லக்கனிக்குப் பின்னால் போகச் சொன்னாள்.

கரியமாணிக்கம் பருத்திக்கொட்டையை மென்றுகொண்டே உள்ளே வந்தார். மென்றது நின்றது. முற்றத்தின் நடுவுக்குப் போனார். அங்கே மணல் மேடு. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். படுக்க இடமில்லை.

"இங்க ஒரு குட்டை கிடந்துதே" என்று ஆரம்பித்தார். "எவன்லே அதை..."

அவருக்குப் பின்னால் வந்த நண்டு இருமியது. "ஐயா, போர்டு" என்றது மெதுவாக.

அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். உலர் பகுதி. குட்டை கிடந்தது என்றால் பலகை பொய். பலகை பொய் என்றால் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நடந்த பரிசோதனை என்ன பரிசோதனை என்று சிறுத்தை கேட்கும். சிறுத்தைக்கு இரண்டாவது கேள்வி கேட்கிற வழக்கமில்லை. கரியமாணிக்கம் குட்டையைத் தொண்டையிலேயே வைத்து விழுங்கினார்.

நல்லதம்பி விஷயத்தைச் சொன்னான். ஈரமாகக் கிடந்த இடம், தன் வேலையால் காய்ந்தது, ஐயா அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும் என்றான்.

"இது முன்னாலேயே உலர் பகுதி வே" என்றார் கரியமாணிக்கம். "காஞ்ச இடத்தை எவனும் காய வைக்க முடியாது. செய்யாத வேலைக்கு எதுக்குக் கூலி?"

"ஐயா, இந்த வாய்க்கால்?"

"உலர் பகுதியில வாய்க்கால் எதுக்கு? தேவையில்லாமப் பள்ளம் தோண்டுனதுக்கு உன்மேல கேஸ் போட்டுருவேன், பேசாமப் போ."

மூட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை. நல்லதம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். கோபத்தில் அவன் முதுகு மயிர் நட்டுக்கொண்டது. ஒரே பாய்ச்சலில் மாடத்தியைக் கவ்வியிருக்கலாம், சிறுத்தை நினைப்பு வந்து அடங்கினான். மாடத்தி அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவனைவிட அதிகமாக வருத்தப்பட்டாள். இது அநியாயம் என்றாள். விடக் கூடாது, மேல்முறையீடு போடுங்க என்றாள்.

நண்டு வழி சொல்லிக்கொடுத்தது. மேல்முறையீடு போடலாம். மேலிடத்துக் குழு வந்து பார்க்கும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வருகிற அன்றைக்குச் செய்த வேலை செய்தபடியே இருக்க வேண்டும். வாய்க்கால் தூர்ந்திருந்தாலோ, உமி நனைந்திருந்தாலோ, ஒரே ஒரு கோழியின் கால் ஈரமாக இருந்தாலோ மனு தள்ளுபடி.

அன்றிலிருந்து நல்லதம்பி அந்த அடைப்பை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் வாய்க்காலைத் தூர் வாருகிறான். ஒவ்வொரு மழைக்குப் பின்னாலும் கல்லைச் சரிபண்ணுகிறான். பழைய உமியை வாரிவிட்டுப் புதுசு போடுகிறான். கொஞ்சம் அசந்தால் மாடத்தி விடுவதில்லை. "அண்ணாச்சி, வடக்கு மூலையில கசியுது. குழு இன்னைக்கு வந்துட்டா உங்க கேஸ் என்ன ஆகும்?" என்பாள். அவன் மழையிலேயே ஓடுவான். குஞ்சுகள் வளர்ந்து, அவையும் பொரித்து, அந்தக் குஞ்சுகளும் அவனை மாமா என்று கூப்பிடுகின்றன. அம்மா அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடும்?

போன அடைமழையில் ஒரு நாள், நனைந்து ஒடுங்கிப்போய்க் கரையில் உட்கார்ந்திருந்த நல்லதம்பி, வலைக்கு அந்தப் பக்கம் உமியில் காலை நீட்டிப் படுத்திருந்த மாடத்தியைக் கேட்டான்.

"உண்மையைச் சொல்லு மாடத்தி. நான் உன்னைத் தின்பேனா?"

மாடத்தி எழுந்து வலைக்குப் பக்கத்தில் வந்தாள். வாய்க்காலைப் பார்த்தாள். ஒரு இடத்தில் கரை கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டிய. உங்களுக்குன்னுதானே நான் உடம்பைத் தேத்திக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

நல்லதம்பி முகம் தெளிந்தது. எழுந்து மம்பட்டியை எடுத்துக்கொண்டு கரை இறங்கிய இடத்துக்குப் போனான்.

நீதி: உன் நலம் விரும்பிகளை நம்பிக் கூரை போடாதே, அவர்களுக்கு உன்னால் ஒரு ஆதாயமும் இல்லை. உன்னைத் தின்ன வருகிறவனைக் கூப்பிட்டு வேலையைக் கொடு. அவன் பசியோடு இருக்கிறவரைக்கும் உன் வீடு ஒழுகாது.